நிமிஷம், நாழிகை, 43,20,000 வருஷம்: ஒரு வகுத்தல் கணக்கு

பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. தேர்வு, செமினார், மறுபடி தேர்வு. நடுவுல மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்த ஒரு விஷயத்தை இன்னிக்கு இறக்கி வெச்சுடறேன். கொஞ்சம் கணக்கு வரும் மக்களே, ஓடிடாதீங்க. கழித்தலும் வகுத்தலும் தெரிஞ்சா போதும்.

அப்பா ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பியிருந்தார். உங்க எல்லாருக்கும் எப்பவோ வந்திருக்கும். நம் முன்னோர் ஒரு விநாடியை 33,750 பங்காகப் பிரிச்சு அதுக்கு த்ருடின்னு பேர் வெச்சாங்களாம். இன்னொரு பக்கம் 432 கோடி வருஷத்தைக் கட்டி அதுக்குக் கல்பம்னு பேர் வெச்சாங்களாம். கடைசி வரியில வழக்கம்போல 'தமிழனாய் இருந்தால் பகிரவும்'. இதை என் அறைத்தோழன்கிட்ட காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். "வேலைவெட்டி இல்லாம பெருக்கிக்கிட்டே போயிருக்காங்கடா!"

எனக்கு ரெண்டு பேர் மேலயும் கடுப்பு. அப்பாவுக்கு அந்தப் பேர்கள் இருந்தாலே போதும், பெருமைப்பட்டுடுவார். தோழனுக்கும் அந்தப் பேர்கள் போதும், சிரிச்சுடுவான். இவ்வளவு பெரிய அளவையும் இவ்வளவு சின்ன அளவையும் வெச்சுக்கிட்டு அவங்க என்ன *செஞ்சாங்க*ன்னு ரெண்டு பேருமே கேக்கலை. பெரிசுலேர்ந்து சின்னதுக்கு எப்படி இறங்கினாங்க? அதுல நிஜமாவே ஒரு சாமர்த்தியம் இருக்கு. அது த்ருடியில இல்லை.

முதல்ல சின்னதை முடிச்சுடுவோம். த்ருடி கணக்கு பாஸ்கரர் 1150-ல் எழுதின சித்தாந்த சிரோமணியில இருக்கு. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 30 கலை, ஒரு கலைக்கு 30 காஷ்டை, ஒரு காஷ்டைக்கு 18 நிமேஷம். பெருக்கினா ஒரு நாளுக்கு 9,72,000 நிமேஷம். ஒரு நிமேஷத்துக்கு 30 தத்பரை, ஒரு தத்பரைக்கு 100 த்ருடி. மொத்தம் 291 கோடியே 60 லட்சம். 86,400 விநாடியால வகுத்தா சரியா 33,750. அப்பா அனுப்பின எண் தப்பில்லை.

ஆனா மனுஸ்மிருதியை எடுத்தா 30 கலை சேர்ந்தா ஒரு முகூர்த்தம், 30 முகூர்த்தம் ஒரு நாள். அப்படிப் போட்டா ஒரு நாளுக்கு 4,86,000 நிமேஷம்தான். அதாவது அதே பேர் உள்ள நிமேஷம் ஒரு புத்தகத்துல இன்னொண்ணைப் போல ரெண்டு மடங்கு. நெசமாவே யாராவது அளந்துக்கிட்டிருந்தா இப்படி ரெண்டு மடங்கு வித்தியாசத்தோட நூற்றாண்டுக்கணக்கா இருந்திருக்க முடியாது. அன்னிக்கு இருந்த கடிகாரம் நாழிகை வட்டில். அடியில ஓட்டை போட்ட கிண்ணம், தண்ணியில மிதக்க விட்டா 24 நிமிஷத்துல முழுகும். (முல்லைப்பாட்டுல வர்ற குறுநீர்க் கன்னலும் தண்ணியால நாழிகை பாக்கற சமாசாரம்தான்.) அந்தக் கிண்ணம் நாழிகையை நாழிகையாக் காட்டினாலே பெரிய விஷயம். த்ருடி ஏணியோட கடைசிப் படி, அவ்வளவுதான். அதுல யாரும் கால் வெச்சதில்லை.

நடுவுல ஒரு குட்டி வேடிக்கை. நிமேஷம்னா கண் இமைக்கிற நேரம், விநாடியில ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அந்தச் சொல்தான் நம்ம 'நிமிஷம்' ஆச்சு, இப்ப அது 60 விநாடி! நேர்மாறா, விநாழிகைன்னும் விநாடின்னும் சொன்ன அளவு நாழிகையில 60-ல் ஒரு பங்கு, அதாவது 24 விநாடி. அது இப்ப ஒரு விநாடியா இளைச்சுப் போச்சு. கண்ணிமை முன்னூறு மடங்குக்கு மேல வீங்கிடுச்சு, விநாடி 24 மடங்கு சுருங்கிடுச்சு. கடிகாரம் வெளியூர்லேர்ந்து வந்தப்ப கையில கிடைச்ச பழைய சொல்லை எடுத்து மேல ஒட்டிட்டோம். பழைய நூல்ல 'விநாடி'ன்னு பாத்த உடனே நம்ம கைக்கடிகாரத்தை நினைச்சுக்கிட்டு ஜல்லியடிக்கிறவங்க இதைக் கொஞ்சம் கவனிச்சா புண்ணியம் :-)

இப்ப பெரிய பக்கம்.

ஆரியபட்டர் ஒரு மகாயுகத்துக்கு 43,20,000 வருஷம்னு வெச்சார். அதுல 157,79,17,500 நாள். முதல்முதலா இதைப் பாத்தப்ப எனக்கும் புராணக் கணக்கு மாதிரிதான் தெரிஞ்சுது. ஆனா ரெண்டாவதை முதலாவதால வகுத்துப் பாருங்க. 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, அதுக்கு மேல ஒரு கால் விநாழிகை. நம்ம கணக்குல 365 நாள் 6 மணி 12 நிமிஷம் 30 விநாடி. ஒரு நட்சத்திரத்தை வெச்சுப் பாத்தா சூரியன் ஒரு முழுச் சுற்று வர்ற வருஷம் இது. இன்னிக்கு நாம அளந்த கணக்கு 365 நாள் 6 மணி 9 நிமிஷம் 10 விநாடி. வித்தியாசம் 3 நிமிஷம் 20 விநாடி. (இந்த 3 நிமிஷம் 20 விநாடியை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வந்து கடிக்கும்.)

நிலாவுக்கு வாங்க. அதே மகாயுகத்துல நிலா 5,77,53,336 தடவை சுத்துதுன்னு சொல்றார். நாளை அதால வகுத்தா ஒரு சுற்றுக்கு 27.321668 நாள். இன்றைய மதிப்பு 27.321662. ஒரு சுற்றுக்கு ஒரு விநாடிகூட வித்தியாசம் இல்லை! அளந்தது தண்ணிக் கிண்ணத்துல.

எப்படி முடிஞ்சுது? யாரும் அந்த ஒரு விநாடியை அளக்கலை. பல நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு கிரகணம், இப்ப ஒரு கிரகணம். ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நாள், எத்தனை சுற்றுன்னு எண்ணியாச்சு. ஒவ்வொரு கிரகணத்தோட நேரத்திலயும் ஒரு மணி நேரம் தப்பு இருக்கட்டுமே. நடுவுல பத்தாயிரம் சுற்று இருந்தா அந்தத் தப்பு பத்தாயிரம் பேருக்குப் பங்கு போட்ட மிட்டாய் மாதிரி ஆகிடும். நாள் நீள நீள தப்பு தேயும்.

சரி, அப்படிக் கிடைச்ச மதிப்பை எப்படி எழுதி வைக்கிறது? தசமப்புள்ளி கிடையாது. பின்னமா எழுதணும். ஆரியபட்டர் வருஷத்தைச் சுருக்கிப் பாத்தா 210389/576. அதாவது 576 வருஷத்துக்குச் சரியா 2,10,389 நாள். 'அப்ப 576-ன்னே வெச்சிருக்கலாமே, எதுக்கு 43 லட்சம்'னு தோணும். சூரியனுக்கு மட்டும்னா போதும்தான். ஆனா நிலாவுக்கு ஒரு பின்னம், சனிக்கு ஒரு பின்னம், வியாழனுக்கு ஒண்ணு, நிலாவோட உச்சத்துக்கு ஒண்ணு. எல்லாத்துக்கும் ஒரே பகுதி வேணும். பள்ளிக்கூடத்துல மீச்சிறு பொது மடங்குன்னு போட்டோமே, அந்த வேலைதான். மகாயுகம்கிறது ஒரு பின்னத்தோட கீழ்ப் பாதி. அவ்வளவு பெரிய எண் இருக்கறதால மேல எழுதற எல்லாமே முழு எண்ணா இருக்கும். சனி 1,46,564 சுற்று, வியாழன் 3,64,224 சுற்று. புள்ளியும் இல்லை, மிச்சமும் இல்லை. பிரம்மாண்டமான பெரிய அளவு வந்ததே நுணுக்கமான சின்ன அளவைத் தொலைக்காம எழுதத்தான்.

இதுக்காக மகாயுகத்தை ஆரியபட்டர் கண்டுபிடிச்சார்னு சொல்ல வரலை. எண் அவருக்கு முந்தியே புராணத்துல இருந்தது. கலியுகத்துக்குச் சொல்ற 4,32,000 வருஷம் பாபிலோனியப் பூசாரி பெரோசஸ் எழுதினதிலயும் வருது, பிரளயத்துக்கு முந்தி ஆண்ட ராஜாக்களுக்கு. 60-ஐ மும்முறை பெருக்கி இரட்டிப்பாக்கினா 4,32,000. புராணம் கொடுத்த பாத்திரத்துல அவர் கணக்கைச் சமைச்சார். அதை எழுதினப்ப வயசு 23-ன்னு கணக்கா எடுத்துக்கலாம். கலி பிறந்து 60 அறுபது வருஷம் ஆனப்ப எனக்கு 23-ன்னு அவரே சொல்லியிருக்கார். (அந்த வயசைத் தாண்டி ஒரு தீசிஸ் முன்னுரையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கறவன் இதுக்கு மேல என்ன சொல்ல?)

பெரிய அளவை எடுத்துச் சின்ன அளவைச் செய்யறது பழைய காலத்தோட போச்சுன்னு நினைச்சுடாதீங்க. நான் படிக்கிற ஊர் ஜெர்மனியில பிரவுன்ஷ்வைக். இந்த நாட்டோட அதிகாரபூர்வமான நேரத்தை அணுக்கடிகாரம் வெச்சுக் காக்கிற ஆய்வகம் இந்த ஊர்லதான் இருக்கு. ஃப்ராங்ஃபர்ட் பக்கத்துல ஒரு வானொலிக் கோபுரம் அந்த நேரத்தை ஒலிபரப்பும், எங்க விடுதி சமையலறைச் சுவர்க் கடிகாரம் அதைக் கேட்டுத் தானே முள்ளைத் திருப்பிக்கும். அணுக்கடிகாரத்தோட விநாடின்னா சீசியம் அணு 919,26,31,770 தடவை ஊசலாடற நேரம். 1967-ல் உலகம் முழுக்க ஏத்துக்கிட்டது. இந்த எண் எங்கேர்ந்து வந்துது? ஏன் 919 கோடி, ஏன் கடைசியில 770?

வானத்துலேர்ந்து! 1955-ல் லண்டன் பக்கத்துல லூயி எசன் சீசியம் கடிகாரத்தை ஓட விட்டார். அப்ப விநாடிங்கிறது வருஷத்துலேர்ந்து வர்ற ஒண்ணு. 1900-ம் வருஷத்தோட நீளத்துல 3,15,56,925.9747-ல் ஒரு பங்கு. அந்த வருஷக் கணக்கு நியூகோம்ப் போட்டது, 1750-லேர்ந்து 1892 வரைக்கும் பாத்த சூரியன் நிலைகளை வெச்சு. சீசியத்தையும் வருஷத்தையும் கோக்கறதுக்கு அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்துல மார்கோவிட்ஸ் என்ன பண்ணார்னா, மூணு வருஷம் நட்சத்திரங்களுக்கு நடுவுல நிலாவைப் படம் எடுத்துக்கிட்டே இருந்தார். நிலா எங்க இருக்குங்கிறதுதான் நேரம். அந்த நேரத்துல சீசியம் எத்தனை ஊசல்னு எண்ணி வகுத்தாங்க. 1958-ல் விடை வந்துது, 20 ஊசல் முன்னபின்ன இருக்கலாம்னு. நம்ம போன்ல ஓடற விநாடிக்குள்ள 142 வருஷத்துச் சூரியனும் மூணு வருஷத்து நிலாவும் இருக்கு. கருவிதான் மாறிச்சு, வகுத்தல் அதேதான்.

திரும்ப நம்ம பக்கம். தமிழ்நாட்டுல இந்த வகுத்தலை யார் தினமும் போட்டாங்கன்னு பாத்தா, அது பஞ்சாங்கக் கணக்கர்கள். வீட்டுக்கு வீடு ஆணியில தொங்கற பாம்புப் பஞ்சாங்கத்துக்கு முன்னோடிகள். அவங்க முறைக்கு வாக்கியம்னு பேர். பதிமூணாம் நூற்றாண்டுக் கணக்கு, வாக்கியகரணம்னு புத்தகமாவே இருக்கு. குப்பண்ண சாஸ்திரியும் கே.வி.சர்மாவும் பதிப்பிச்சு 1962-ல் சென்னையில வந்தது. அதுல நிலாவுக்கான முறையை நான் ஒரு நாளுக்குப் போட்டுப் பாத்தேன். உங்களுக்கும் காட்டறேன்.

2025 ஜனவரி 1 எடுத்துக்குங்க. கலி பிறந்ததா வெச்சுக்கிட்ட நாள் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. (அன்னிக்கு யாரும் வானத்தைப் பாத்து எழுதி வைக்கலை. பின்னாடி வந்தவங்க, எல்லாம் ஒரே இடத்துல சேர்ந்து புறப்படணும்னு பின்னோக்கிக் கணக்குப் போட்டு நட்ட கம்பம் அது.) அன்னியிலேர்ந்து 2025 ஜனவரி 1 வரைக்கும் 18,72,211 நாள். சரியான்னு பாக்க 7-ஆல வகுங்க. மிச்சம் 5. வெள்ளியிலேர்ந்து அஞ்சு தள்ளினா புதன். நாள்காட்டியில பாத்துக்குங்க, புதன்தான்.

இப்ப நிலா. நிலா ஒரே வேகத்துல போகாது. பூமிக்கு ரொம்ப தூரத்துல இருக்கும்போது மெதுவா, கிட்ட வரும்போது வேகமா. தூரத்துலேர்ந்து மறுபடி தூரத்துக்கு வர 27.55455 நாள். இது முழு நாளா இல்லாததுதான் தலைவலி. பஞ்சாங்கக்காரருக்கு ஒவ்வொரு நாளும் விடியும்போது நிலா எங்கேன்னு தெரியணும். அதனால இந்தச் சுற்று எத்தனை தடவை ஆனா முழு நாளுக்குக் கிட்ட வருதுன்னு தேடினாங்க. 9 சுற்று 248 நாள், மயிரிழை குறைச்சல். 110 சுற்று 3,031 நாள், கிட்டத்தட்ட துல்லியம். 449 சுற்று 12,372 நாள்.

1282 மே 22 விடியற்காலை நிலா தூரத்து முனையில இருந்தது. கலி நாள் கணக்குல அது 16,00,984. அதைக் கழிச்சுடுவோம்: 18,72,211-ல் அது போனா 2,71,227. இதுல 12,372 எத்தனை தடவை? 21, மிச்சம் 11,415. அதுல 3,031 எத்தனை தடவை? 3, மிச்சம் 2,322. அதுல 248 எத்தனை தடவை? 9, மிச்சம் 90.

முடிஞ்சுது. பதினெட்டு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் நாள் 90-ஆ சுருங்கிடுச்சு. 248 நாளுக்கு 248 வாக்கியம், ஒவ்வொண்ணும் ஒரு விடியல்ல நிலா எந்த பாகையில இருக்குன்னு சொல்லும். கணக்கர் மனசுலேர்ந்து தொண்ணூறாவது வாக்கியத்தை எடுப்பார், தள்ளிவிட்ட 21, 3, 9-க்கு உண்டான பாகைகளைக் கூட்டுவார், நிலா கிடைச்சுடும்.

90-ங்கிறது வெறும் எண் இல்லை. 2025 ஜனவரி 1-க்கு 90 நாள் முன்னாடி நிலா தூரத்து முனையில இருந்திருக்கணும்னு அர்த்தம். 90 நாள் முன்னாடின்னா 2024 அக்டோபர் 3 விடியல். அந்த விடியலுக்குச் சில மணி நேரம் முன்னாடி, இந்திய நேரப்படி அக்டோபர் 3 பிறந்து கால் மணி நேரத்துல என்ன நடந்துதுன்னு தெரியுமா? ஈஸ்டர் தீவுலயும் சிலி, அர்ஜென்டினாவோட தெற்குப் பக்கத்திலயும் வளைய சூரிய கிரகணம். ஏன் வளையம்? நிலா ரொம்ப தூரத்துல இருந்ததால சூரியனை முழுசா மறைக்க முடியலை! 1282-ல் நட்ட கம்பத்துலேர்ந்து 742 வருஷம், 9,840 சுற்று கழிச்சு ஒரு பாட்டிக்கணக்கு வகுத்தல் சரியான ராத்திரியில போய் நிக்குது. இதைப் போட்டு முடிச்சப்ப ராத்திரி ரெண்டரை மணி, அறைத்தோழனை எழுப்பிக் காட்டினேன். அவன் சொன்னதை இங்க எழுத முடியாது.

இந்த எண்களை ஞாபகம் வெச்சுக்க ஆளுக்கொரு பேர். 248-க்கு 'தேவர', 3,031-க்கு 'கலாநீல', 12,372-க்கு 'ரஸகைரிக'. கடபயாதின்னு ஒரு முறை, எழுத்துக்கு எண். தே-வுக்கு 8, வ-வுக்கு 4, ர-வுக்கு 2, வலமிருந்து இடமாப் படிச்சா 248. இதுக்கு த-வுல நாலு ஒலியும் தனித்தனியா வேணும், நம்ம எழுத்துல ஒரே த-தான். அதனால கிரந்தம் இல்லாம இதை எழுதி வைக்கறது கஷ்டம். மனப்பாடம் பண்றவங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இதை வெள்ளைக்காரங்க ரெண்டு தடவை புதுச்சேரியில பாத்து வாயைப் பிளந்திருக்காங்க. முதல் ஆள் லெ ஜாந்தி. பாவப்பட்ட ஜென்மம். வெள்ளி சூரியனைக் கடக்கறதை அளக்க 1760-ல் பிரான்சை விட்டுக் கிளம்பினார். வந்து சேர்றதுக்குள்ள புதுச்சேரியை இங்கிலீஷ்காரன் பிடிச்சுட்டான், 1761-ல் கப்பல் தட்டிலேர்ந்து பாத்ததோட சரி. அடுத்தது 1769-ல்தான்னு காத்திருந்து, புதுச்சேரியில வானாய்வகம் கட்டி உக்காந்தா, அன்னிக்குக் காலையில பாத்து மேகம். ஊருக்குத் திரும்பினா செத்துப்போயிட்டார்னு சொத்தைப் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. அந்தக் காத்திருப்புல அவர் செஞ்ச உருப்படியான காரியம், தமிழ்க் கணக்கர்கள்கிட்ட கிரகணக் கணக்கைக் கத்துக்கிட்டது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடிச்ச நேரத்தைத் தமிழர் முறை 41 விநாடி குறைச்சுச் சொன்னதாகவும், ஐரோப்பாவுல அன்னிக்குப் பேர்போன மயர் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னதாகவும் எழுதி வெச்சிருக்கார்.

இந்த 41 விநாடியையும் பெருமைச் செய்தியா அனுப்பறவங்க உண்டு. ஆனா கூடவே அடுத்த ஆளையும் சொல்லணும். ஜான் வாரன், சென்னை வானாய்வகத்துல வேலை பாத்தவர், 1825-ல் காலசங்கலிதம்னு ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதுல ஒரு புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் வர்றார். தாளில்லை, எழுத்தில்லை, தரையில சோழியைப் பரப்பி, மனப்பாடமா இருந்த வாக்கியங்களை வெச்சு 1825 மே 31 ராத்திரி சந்திர கிரகணத்தைப் போட்டுக் காட்டினார். ஆரம்பத்துல 4 நிமிஷம் தப்பு. நடுவுல 23 நிமிஷம். முடிவுல 52 நிமிஷம். ஒரு கிரகணத்துல 41 விநாடி, இன்னொண்ணுல முக்கால் மணி நேரத்துக்கு மேல. ஒண்ணை மட்டும் எடுத்துக் கொடி பிடிக்கறது நேர்மை இல்லை.

இந்தக் கணக்கருக்குப் பின்னால இருக்கற தத்துவம் தெரியலைன்னு வாரன் சொல்றார். எனக்கு அது குறையாவே படலை. நாமளும் முக்கால்வாசி நேரம் யாரோ எழுதின ஃபங்ஷனைக் கூப்பிட்டுத்தான் வேலையை முடிக்கிறோம், உள்ள என்ன ஓடுதுன்னு யார் பாக்கறா? தத்துவமே தெரியாதவர்கிட்ட கொடுத்தாலும் விடை வரணும்னுதானே யாரோ ஒருத்தர் முன்னாடியே உக்காந்து அதை 248 வாக்கியமா அரைச்சு வெச்சிருக்கார்.

அது எவ்வளவு முன்னாடின்னு 1952-ல் ஆட்டோ நாய்கபவர் தமிழ் வானியல்னே பேர் வெச்சு ஒரு கட்டுரையில எழுதினார். வாரன் கொடுத்த எண்களைப் பாத்த உடனே அவருக்குப் பொறி தட்டிடுச்சு. 248 பாபிலோனியக் களிமண் பலகைகள்ல இருக்கு. 248-ம் 3,031-ம் ஜோடியா எகிப்துல கிடைச்ச ஒரு கிரேக்கப் பாப்பிரஸ்ல இருக்கு, இப்ப மான்செஸ்டர்ல. பாபிலோன்லேர்ந்து கிரேக்கம், அங்கேர்ந்து இந்தியா, கடைசியா 1825 புதுச்சேரித் தரையில சோழியா. இரண்டாயிரம் வருஷம் அறுபடாத சங்கிலியோட கடைசிக் கண்ணி ஒரு தமிழ் ஆள். எல்லாமே நம்மதுதான்னு சொன்னா இந்தக் கதை சின்னதாயிடும். நான் படிச்ச பாடப்புத்தகங்கள்ல இவரைப் பத்தி ஒரு வரி இல்லைங்கறதுதான் வருத்தம். யாரும் அளக்காத த்ருடிக்கு வாட்ஸப்ல இருக்கற மரியாதையில நூத்துல ஒரு பங்காவது இந்தச் சோழிக்காரருக்குக் கிடைக்கலாம்.

இப்ப கடிக்க வர்ற விஷயம். பெரிசைச் சின்னதால வகுத்தா தப்பு தேயும்னு சொன்னேன். திருப்பிப் போட்டா? சின்னத் தப்பைப் பெரிசால பெருக்கினா?

வருஷத்துக்கு 3 நிமிஷம் 20 விநாடி, 1,500 வருஷத்துல 5,000 நிமிஷம், மூன்றரை நாள். இது பரவாயில்லை. சனியைப் பாருங்க. ஆரியபட்டர் எண்ணை வகுத்தா சனிக்கு ஒரு சுற்று 10,766 நாள். நிஜத்துல 10,759. ஏழு நாள்தான், அதுவும் இருபத்தொன்பதரை வருஷத்துக்கு ஒரு தடவை. ஆனா கி.பி. 499-லேர்ந்து சனி கிட்டத்தட்ட 52 சுற்று முடிச்சாச்சு. 52-ஐ ஏழால பெருக்குங்க. ஒரு வருஷத்துக்குப் பக்கம்!

இதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? சனிப்பெயர்ச்சி. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினோரு மாசம். அடுத்ததும் அப்படித்தான், திருக்கணிதத்துக்கு 2025 மார்ச், வாக்கியத்துக்கு 2026 மார்ச். வாக்கிய மரபு ஆரியபட்டர் வழியில வந்தது. ஏழு ஏழு நாளா சேர்ந்த பாக்கி இப்ப வாசல்ல வந்து நிக்குது.

எங்கம்மா 2023-ல் ரெண்டு தடவையும் எள் தீபம் போட்டாங்க. "எதுக்கும்மா ரெண்டு?"ன்னு கேட்டா, "எது சரின்னு சொல்ல நீ என்ன பெரிய ஜோசியரா, எதுக்கும் இருக்கட்டும்டா"ன்னாங்க. ஜோசியம் எனக்குத் தெரியாதும்மா, நம்பிக்கையும் இல்லை. ஆனா சனி எங்க இருந்ததுன்னு கேட்டா ஜனவரிக் கணக்குதான் வானத்தோட ஒத்துப்போகுது. மொட்டை மாடியில நின்னு பாக்கலாம்.

மரபை மாத்தக்கூடாதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. கேரளத்துல பரமேசுவரர்னு ஒருத்தர் பல பத்து வருஷம் கிரகணங்களைக் கண்ணால பாத்துக் குறிச்சுக்கிட்டே வந்தார். கணக்கும் வானமும் ஒட்டலைன்னு தெரிஞ்சதும் 1431-ல் பழைய எண்களைத் திருத்தி திருக்கணிதம்னு ஒரு நூல் போட்டார். கண்ணால பாத்துப் போட்ட கணிதம்னு அர்த்தம். பஞ்சாங்கத்துல இருக்கற திருக்கணிதத்துல 'திரு' மரியாதைக்குப் போட்டதுன்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சேன், பாதிப்பேர் அப்படித்தான் நினைப்பாங்க. அது 'த்ருக்', பார்வை.

இப்ப உங்க முறை மக்களே. பொறந்த நாளை எடுத்துக்குங்க. 2025 ஜனவரி 1-க்கு எத்தனை நாள் முன்னாடியோ அதை 18,72,211-லேர்ந்து கழிங்க. 7-ஆல வகுத்து மிச்சம் 0 வந்தா வெள்ளி, 1 வந்தா சனி, அப்படியே எண்ணிக்கிட்டே போங்க. கிழமை சரியா வந்தா 16,00,984 கழிச்சு, 12,372, 3,031, 248-னு வரிசையா வகுத்துக்கிட்டே வாங்க. கடைசி மிச்சத்தைப் பின்னூட்டத்துல போடுங்க. எனக்கு 171 :-)